ஓடாத காரின் உண்மை

மாதிரிக் கார் கிட் என்பது சாலையில் ஓடும் ஒரு காரைக் குறிப்பிட்ட விகிதத்தில் சுருக்கி, பாகம் பாகமாகப் பிரித்து, பெட்டியில் அடைத்துத் தரப்படும் பிளாஸ்டிக் தொகுதி. அமெரிக்க நிறுவனங்கள் பெரும்பாலும் 25இல் ஒரு பங்கு என்ற அளவையும், ஜப்பானிய நிறுவனங்கள் 24இல் ஒரு பங்கு என்ற அளவையும் கைக்கொண்டன. பெட்டிக்குள் நூறு அல்லது அதற்கு மேற்பட்ட பாகங்கள், ஸ்ப்ரூ எனப்படும் பிளாஸ்டிக் சட்டங்களோடு ஒட்டியபடி இருக்கும். அவற்றை வெட்டியெடுத்து, விளிம்புகளைத் தேய்த்து, ப்ரைமர் அடித்து, ஏர்பிரஷ்ஷால் நிறம் பூசி, பசையிட்டுப் பொருத்தி, டீகால் எனப்படும் ஒட்டுப்படங்களை ஒட்டி முடிக்கப் பல வாரங்கள் ஆகும். நுணுக்கம் கூடினால் மாதங்கள் ஆகும். முடிந்த வண்டி ஓடாது. விளையாடவும் உதவாது, குழந்தை கையில் எடுத்தால் பம்பரும் கண்ணாடியும் கழன்றுவிடும். அலமாரிக்குள் நிற்கும், அவ்வளவுதான்.

இப்படி ஒன்றுக்கும் உதவாத பொருளுக்காக வளர்ந்த மனிதர்கள் ஆண்டுக்கணக்கில் உழைப்பதும், கட்டாத பெட்டிகளை நூற்றுக்கணக்கில் வாங்கி அடுக்குவதும் வீட்டாருக்கு வீண் வேலையாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் மெய்யியல் நெடுங்காலமாகக் கேட்டுவரும் சில கேள்விகள் இந்தப் பொழுதுபோக்குக்குள் உயிரோடு இருக்கின்றன. நகல் என்பது பொய்யா, அல்லது அறிவதற்கு ஒரு வழியா? பலன் கிடைக்காத உழைப்புக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது? சேர்த்து வைப்பது பேணலா, பற்றா?

நகலைக் குறித்த மிகக் கடுமையான பழைய தீர்ப்பு பிளேட்டோவுடையது. 'குடியரசு' நூலின் பத்தாம் பகுதியில் அவர் கட்டிலை எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். கட்டில் என்ற மூலக்கருத்து ஒன்று உண்டு. அதை மனத்தில் கொண்டு தச்சர் கட்டில் செய்கிறார். தச்சர் செய்த கட்டிலின் தோற்றத்தை மட்டும் பார்த்து ஓவியர் வரைகிறார். எனவே ஓவியம் உண்மையிலிருந்து வெகுதூரம் விலகிப்போகிறது. கட்டில் எப்படிச் செய்யப்படுகிறது என்பது எதுவும் தெரியாமலே ஒருவர் கட்டிலை வரைந்துவிடலாம் என்பதுதான் பிளேட்டோவின் முதன்மையான குற்றச்சாட்டு. மாதிரிக் காரையும் இந்த வரிசையின் கடைசியில் நிறுத்திவிடலாம் என்று தோன்றும். அதன் வரலாறு அதற்கு இடம் கொடுப்பதில்லை.

அமெரிக்காவில் இந்த வகைக் கிட்களின் வேர் பொம்மைக் கடையில் இல்லை. கார் ஷோரூமில் இருக்கிறது. 1948இல் மிச்சிகன் மாநிலத்தில் தொடங்கிய ஏஎம்டி நிறுவனம், ஒவ்வோர் ஆண்டும் வரும் புது கார்களின் சிறு உருவங்களைச் செய்து கார் விற்பனையாளர்களுக்குக் கொடுத்தது. வாங்க வருபவர்களுக்கும் அவர்களது பிள்ளைகளுக்கும் அவை விளம்பரப் பொருள்களாகப் போய்ச் சேர்ந்தன. பெரிய கார் விற்பனைக்கு வரும்போதே சிறு காரும் கையில் இருக்க வேண்டும் என்பதால், டெட்ராய்ட் கார் நிறுவனங்கள் தங்கள் வரைபடங்களை முன்கூட்டியே கொடுத்தன. 1958இல் ஏஎம்டி இத்தகைய கார்களை ஒட்டாத பாகங்களாகவே பெட்டியில் போட்டு விற்கத் தொடங்கியது. ஆகவே அந்தச் சிறு கார்கள் பெரிய காரைத் தெருவில் பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல. இரண்டும் ஒரே வரைபடத்திலிருந்து பிறந்தவை. பிளேட்டோவின் வரிசையில் மாதிரிக் காருக்கு உரிய இடம் ஓவியரின் இடம் அல்ல, தச்சரின் இடம்.

இன்னும் பின்னோக்கிப் போனால் வரிசையே தலைகீழாகிறது. 1927இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் ஹார்லி ஏர்ல் தலைமையில் வடிவமைப்புக்கென ஒரு தனிப் பிரிவு அமைந்தது. காரின் உருவத்தைக் களிமண்ணில் வனைந்து பார்த்துத் தீர்மானிக்கும் முறையை அவர் அங்கே நிலைநிறுத்தினார். முதலில் சிறிய அளவில் களிமண் உருவம். அது பிடித்துப்போனால் முழு அளவில் இன்னொன்று. அதன் பிறகே இரும்பு. சாலையில் ஓடும் கார் ஒரு மாதிரியின் பெருக்கம் என்று சொன்னால் மிகையில்லை. அதே ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு 1930 முதல் 1968 வரை அமெரிக்கச் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் ஒரு கைவினைப் போட்டியை நடத்தியது. தொடக்கத்தில் நெப்போலியன் காலத்துக் குதிரை வண்டியின் சிறு உருவத்தை அச்சு மாறாமல் செய்ய வேண்டியிருந்தது. பிறகு, தாங்களே கற்பனை செய்த காரை மரத்திலோ பிளாஸ்டரிலோ வடித்து அனுப்ப வேண்டியிருந்தது. வென்றவர்களுக்குக் கல்லூரி உதவித்தொகை. அந்த இளைஞர்கள் செய்து அனுப்பிய கார்கள் உலகில் எங்கும் ஓடியதில்லை. மூலமே இல்லாத ஒன்றை எதன் நகல் என்று சொல்வது?

மூலம் அழிந்து நகல் நிற்பதும் உண்டு. கிறைஸ்லர் நிறுவனம் 1960களின் தொடக்கத்தில், விமானத்தில் உள்ளதுபோல டர்பைன் எஞ்சின் பொருத்திய 55 கார்களைச் செய்தது. பாடிகளை இத்தாலியின் டுரின் நகரத்து கியா நிறுவனம் கையால் கட்டித் தந்தது. சோதனைக்காக 203 பேருக்கு மும்மூன்று மாதங்கள் இலவசமாக ஓட்டக் கொடுத்தார்கள். திட்டம் முடிந்ததும் பெரும்பாலான கார்களை நசுக்கி அழித்துவிட்டார்கள், எஞ்சியவை 9. அந்தக் காரை டெட்ராய்ட் நகரத்து ஜோ-ஹான் நிறுவனம் எஞ்சின் முதல் இருக்கை வரை விடாமல் 25இல் ஒரு பங்குக் கிட்டாக வெளியிட்டிருந்தது. இன்று டர்பைன் காரின் உடலையும் உள்ளமைப்பையும் தன் கையில் திருப்பித் திருப்பிப் பார்க்க விரும்பும் ஒருவருக்கு அருங்காட்சியகக் கயிற்றுக்கு அப்பால் நிற்கும் மூலத்தைவிட அந்த கிட்தான் அணுக்கமானது. மூலத்துக்கு நகல் கடன்பட்டது என்பதே வழக்கமான எண்ணம். இங்கே மூலத்தின் நினைவு நகலுக்குக் கடன்பட்டிருக்கிறது.

ஜப்பானின் வழி வேறு. ஷிஜுவோகா நகரில் 1946இல் மர வணிகமாகத் தொடங்கிய தமியா நிறுவனம், மரத்தாலான மாதிரிகளுக்கு மாறி, 1960இல் தன் முதல் பிளாஸ்டிக் கிட்டாக யமாட்டோ போர்க்கப்பலை வெளியிட்டது. 1970களில் போர்ஷே 934 பந்தயக் காரை 12இல் ஒரு பங்காகச் செய்யத் துணிந்தபோது, வரைபடமும் படங்களும் போதாமல், ஒரு போர்ஷே 911 காரையே விலைக்கு வாங்கி, கழற்றிப் பார்த்து அளந்தார்கள். பிளேட்டோவின் ஓவியருக்குக் கட்டிலைக் கழற்றும் தேவை எழவில்லை. மாதிரி செய்பவருக்கு அது எழுகிறது. தோற்றத்தை மட்டும் நகலெடுப்பவர் அறியாமலே நகலெடுக்கலாம். அமைப்பை நகலெடுப்பவர் அறிந்தே ஆக வேண்டும். மாதிரிக் காரின் மீது வைக்கப்படும் பழைய குற்றச்சாட்டு இந்த இடத்தில் வலுவிழக்கிறது.

ஆனாலும் சுருக்கம் என்பது எளிய வகுத்தல் கணக்கு அல்ல. 4.8 மீட்டர் நீளமுள்ள கார் 24இல் ஒரு பங்கானால் 20 சென்டிமீட்டர். நீளம், அகலம், உயரம் மூன்றும் 24ஆல் குறைவதால் கொள்ளளவு 13,824இல் ஒரு பங்காகிவிடும். 1,500 கிலோ எடையுள்ள காரை அதே உலோகங்களால் அந்த அளவில் செய்தால் 110 கிராமைக்கூட எட்டாது. உண்மைக் காரின் இரும்புத் தகடு 0.8 மில்லிமீட்டர் தடிமன் என்றால் சிறு காரில் அது 0.03 மில்லிமீட்டராக இருக்க வேண்டும். அவ்வளவு மெல்லிய பிளாஸ்டிக் நிற்காது. கிட்டின் பாடி ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது; அதைத் திரும்பப் பெருக்கினால் ஓர் அங்குலம் தடித்த கவச வண்டி கிடைக்கும். கதவிடுக்கு 4 மில்லிமீட்டர் என்றால் மாதிரியில் 0.17 மில்லிமீட்டர். அதை அப்படியே விட்டால் பெயின்ட் அடித்ததும் அடைபட்டு, கதவே இல்லாத கார்போல் தெரியும். எனவே கட்டுபவர் அந்தக் கோட்டைக் கூரிய கருவியால் ஆழமாகக் கீறி, நீர்த்த கறுப்பு நிறத்தை ஓடவிடுகிறார். மெட்டாலிக் பெயின்டில் உள்ள மினுமினுப்புத் துகள்களைக் காருக்கு அடிப்பதுபோலவே அடித்தால், சிறு காரில் அவை சரளைக் கல் பதித்தாற்போல் நிற்கும்; நுண்ணிய துகள் கொண்ட வேறு பெயின்ட் தேவை. அளவுக்கு உண்மையாக இருந்தால் கண்ணுக்குப் பொய்யாகிறது. கண்ணுக்கு உண்மையாக இருக்க அளவில் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தச் சிக்கலைப் பிளேட்டோ அறிந்திருந்தார் என்பது வியப்புக்குரியது. 'சோஃபிஸ்ட்' என்ற உரையாடலில் அவர் இருவகை நகல்களைப் பிரிக்கிறார். மூலத்தின் விகிதங்களை அப்படியே காப்பது ஒன்று. பார்ப்பவர் நிற்கும் இடத்தைக் கருதி விகிதங்களை மாற்றுவது இன்னொன்று; உயரமான சிலையின் தலை கீழிருந்து பார்ப்பவருக்குச் சிறுத்துத் தெரியாதபடி சிற்பி அதைப் பெரிதாக்குவதை அவர் சுட்டுகிறார். இரண்டாவதை அவர் ஏமாற்றின் பக்கம் தள்ளுகிறார். மாதிரிக் கார் கட்டும் அனுபவம் இதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. இரண்டு வகைக்கும் நடுவே ஒவ்வொரு பாகத்திலும் தீர்ப்புச் சொல்லாமல் ஒரு காரையும் முடிக்க முடியாது. எங்கே அளவை நம்புவது, எங்கே கண்ணை நம்புவது என்ற அந்தத் தீர்ப்பை ஏமாற்று என்று தள்ளுவது நியாயமில்லை. உண்மைக்கு நெருங்க வேறு வழி இல்லாதபோது எடுக்கும் பொறுப்பான முடிவு அது.

சிற்றுருவங்களின் மீது மனிதருக்கு உள்ள ஈர்ப்புக்குப் பிரெஞ்சு மானிடவியலாளர் க்ளோத் லெவி-ஸ்ட்ராஸ் 1962இல் ஒரு விளக்கம் தந்தார். பெரிய பொருளை நாம் பகுதி பகுதியாகவே அறிய முடியும். பகுதிகளை வென்ற பிறகே முழுமை வசப்படும். சுருக்கிய உருவத்தில் முழுமை முதலிலேயே கண்ணுக்குள் வந்துவிடுகிறது. அறிதலின் வரிசை மாறுவதால், பொருளின் மீது ஆட்சி கிடைத்ததுபோன்ற நிறைவு உண்டாகிறது. அலமாரிக்கு முன்னே நின்று பார்ப்பவருக்கு இது முற்றிலும் பொருந்தும். கட்டுபவருக்குப் பொருந்தாது. அவருக்கு முதலில் கிடைப்பது முழுமை அல்ல. ஸ்ப்ரூவில் எண்ணிடப்பட்ட துண்டுகள். எந்தத் துண்டு எதன் கீழ் போகிறது, பின்னச்சு எப்படித் தொங்குகிறது, ரேடியேட்டரிலிருந்து எஞ்சினுக்குக் குழாய் எந்தப் பக்கமாகப் போகிறது என்று ஒவ்வொன்றாகக் கடந்துதான் அவர் முழுமைக்கு வருகிறார். லெவி-ஸ்ட்ராஸும் இதை ஓரளவு உணர்ந்து, சிற்றுருவம் கையால் செய்யப்பட்டது என்பதையும் அது எப்படிச் செய்யப்பட்டது என்ற அறிவைப் பார்ப்பவருக்குத் தருகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னார். பார்ப்பவரின் இன்பமும் கட்டுபவரின் அறிவும் எதிரெதிர்த் திசைகளில் பயணிப்பவை என்பதை இந்தப் பொழுதுபோக்கு தெளிவாகக் காட்டுகிறது.

கட்டுபவர்களிடையே ஓயாத ஒரு விவாதம் உண்டு. சில கிட்களில் பானெட் திறக்காது. உள்ளே எஞ்சினே இருக்காது. வேறு சில கிட்களில் எஞ்சின், கியர் பெட்டி, பிரேக் என எல்லாம் இருக்கும். அவற்றில் பலவும் பாடியை மேலே பொருத்தியதும் மறைந்துபோகும் பகுதிகள். இருந்தும் பலர் அவற்றுக்குத் தனித்தனி நிறம் பூசுகிறார்கள். ஸ்பார்க் பிளக்குக்கு மெல்லிய கம்பியில் ஒயர் இழுக்கிறார்கள். இருக்கை பெல்ட்டுக்குக் கொக்கி வைக்கிறார்கள். பிறகு பாடியைக் கவிழ்த்து ஒட்டிவிடுகிறார்கள். யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே செய்யப்படும் இந்த வேலைக்கு என்ன நியாயம்?

அரிஸ்டாட்டில் செய்தலையும் செயலையும் வேறுபடுத்தினார். வீடு கட்டுவது செய்தல். அதன் நோக்கம் அதற்கு வெளியே, கட்டி முடித்த வீட்டில் இருக்கிறது. நேர்மையாக நடப்பது செயல். அதன் நோக்கம் அதற்குள்ளேயே இருக்கிறது. மூடப்படும் எஞ்சினுக்கு நிறம் பூசும் கணத்தில் மாதிரி கட்டுதல் முதல் வகையிலிருந்து நழுவி இரண்டாம் வகைக்குள் போகிறது. விளைபொருளின் பார்வைக்கு அந்த நிறத்தால் எதுவும் கூடவில்லை. கார் எப்படி இருக்கிறதோ அப்படிச் செய்ய வேண்டும் என்ற கட்டுப்பாடு ஒன்றே அங்கே இயங்குகிறது.

பலனில் பற்றில்லாத செயல் என்ற கீதையின் கருத்தை இங்கே பொருத்திப் பார்க்கும் ஆசை எவருக்கும் வரும். அதை அடக்கிக்கொள்வதே நல்லது. கீதை பேசுவது ஒருவர் தவிர்க்க முடியாத கடமையைப் பற்றி, அதுவும் உயிர்களைக் கொல்ல வேண்டிய போர்க்களத்தில் நின்று. பொழுதுபோக்கு கடமை அல்ல, வேண்டாமென்றால் விட்டுவிடலாம். மாதிரி கட்டுதலைத் தியானம் என்று புகழ்வதும் அதேபோல் மிகைதான். தியானம் மனத்தை உள்ளே திருப்புகிறது; கட்டுபவரின் மனம் இடுக்கியின் நுனியில், தனக்கு வெளியே உள்ள ஒரு சிறு துண்டில் இருக்கிறது.

இதற்கு நெருங்கிய விளக்கம் மெய்யியலாளர் ஐரிஸ் மர்டாக்கிடம் கிடைக்கிறது. சிமோன் வெயிலிடமிருந்து கவனம் என்ற கருத்தை எடுத்துக்கொண்ட அவர், 1970இல் வெளிவந்த 'நன்மையின் இறைமை' என்ற நூலில், அந்நிய மொழி ஒன்றைக் கற்பதை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். ரஷ்ய மொழியைக் கற்பவர் தன் விருப்பத்துக்கு வளையாத ஓர் அமைப்பின் முன் பணிய வேண்டும். தெரிந்ததாக நடிக்க முடியாது. நடித்தால் மொழி காட்டிக்கொடுத்துவிடும். தன்னை மையமாக வைத்தே உலகைப் பார்க்கும் மனம், தனக்கு வெளியே உள்ள ஒன்றின் உண்மைக்குக் கட்டுப்படும்போது அறம் தொடங்குகிறது என்பது அவர் வாதம். மாதிரிக் கார் கட்டுவது இதற்குச் சிறிய, ஆனால் சரியான எடுத்துக்காட்டு. அச்சு கோணினால் நான்கு சக்கரமும் தரையில் படியாது. அவசரப்பட்டால் பெயின்டில் விரல் ரேகை நிற்கும். சாக்குப்போக்குக்கு அங்கே செவிமடுப்பவர் இல்லை. மறையப்போகும் எஞ்சினுக்கும் நிறம் பூசுவது, பார்ப்பவரின் பாராட்டையும் விலக்கிவிட்டு அந்தக் கட்டுப்பாட்டை மட்டும் ஏற்றுக்கொள்ளும் செயல். இந்தப் பொழுதுபோக்கின் உயர்ந்த கூறு இதுவே.

சமயம் சிற்றுருவங்களை வேறு விதமாகப் பயன்படுத்திவந்திருக்கிறது. ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் வாழ்ந்த மெக்கெட்ரே என்ற உயர் அதிகாரியின் கல்லறையில், 1920இல் படகுகள், தானியக் களஞ்சியம், ரொட்டிக்கூடம் எனப் பலவற்றின் மர மாதிரிகள் கண்டெடுக்கப்பட்டன. இறந்தவருக்கு மறுமையில் அவை உணவும் ஊர்தியும் தர வேண்டும் என்பது நம்பிக்கை. பொலிவியாவின் லா பாஸ் நகரில் ஜனவரி 24 அன்று தொடங்கும் அலசிட்டாஸ் விழாவில் சிறு கார், சிறு வீடு, சிறு பணக்கட்டு ஆகியவற்றை வாங்கி, அவற்றுக்கு ஆசி பெறுகிறார்கள். அந்த ஆண்டுக்குள் உண்மையான கார் வந்து சேரும் என்பது எக்கெக்கோ தெய்வத்தின் மீதுள்ள நம்பிக்கை. யுனெஸ்கோ 2017இல் இவ்விழாச் சடங்குகளைப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. ஹாங்காங்கிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சீனர்கள் முன்னோருக்குக் காகிதக் கார் செய்து எரிக்கிறார்கள். அங்கே வாழும் தமிழர்களுக்கு அது பழகிய காட்சி. நோய் தீர வெள்ளியில் கண்மலரும் கை காலும் வாங்கிக் காணிக்கை செலுத்தும் தமிழ்நாட்டுப் பக்தர்களுக்கு இதன் உட்பொருளை விளக்க வேண்டியதில்லை.

இந்தக் காணிக்கை உருவங்களில் துல்லியம் தேடப்படுவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. லா பாஸ் சந்தையில் விற்கும் காருக்கு எஞ்சின் இருக்க வேண்டியதில்லை. நான்கு சக்கரம் இருந்தால் போதும். வேண்டுதலைக் கேட்பவருக்கு எந்தக் கார் என்று தெரியும். எரிக்கப்படும் காகிதக் காரும் அப்படியே. கோயில் மூர்த்தத்தின் நிலை இன்னும் தெளிவானது; கண் திறந்து உயிரேற்றும் சடங்குதான் அதை மூர்த்தமாக்குகிறது, ஒப்புமை அல்ல. காணிக்கைக் கார் தன்னைத் தாண்டி ஓர் ஆசையையோ, இறந்தவரையோ, தெய்வத்தையோ நோக்குகிறது. பொழுதுபோக்கு மாதிரிக்கு அப்படி நோக்க எவரும் இல்லை. அதற்கு யாரிடமும் கேட்க ஒன்றுமில்லை. அதனால் துல்லியம் ஒன்றே அதன் வழிபாடாக மிஞ்சுகிறது. சமயச் சிற்றுருவத்தின் வாரிசாக மாதிரிக் காரைக் காட்டும் எழுத்துகள் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகின்றன.

துல்லியத்துக்கும் அறத்துக்கும் மோதல் வரும் இடமும் உண்டு. 1988ஆம் ஆண்டு ஃபார்முலா ஒன் பந்தயத்தில் 16இல் 15 வெற்றிகளைப் பெற்ற மெக்லாரன் எம்பி4/4 காரின் உடல் முழுவதும் ஒரு சிகரெட் நிறுவனத்தின் நிறமும் பெயரும். புகையிலை விளம்பரக் கட்டுப்பாடுகள் வந்த பிறகு, இத்தகைய கார்களின் கிட்களில் அந்தப் பெயர் இல்லாத டீகால்களே வருகின்றன. கட்டுபவர்கள் சிறு நிறுவனங்கள் தனியாக விற்கும் டீகால்களை வாங்கி ஒட்டிக்கொள்கிறார்கள். இன்னும் கூர்மையான வழக்கு, 1979 முதல் 1985 வரை ஒளிபரப்பான 'தி டியூக்ஸ் ஆஃப் ஹசார்ட்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ஆரஞ்சு நிற 1969 டாட்ஜ் சார்ஜர். அதன் கூரையில், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் கொடி இருந்தது. 2015 ஜூனில் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் கறுப்பின மக்கள் ஒன்பது பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பின், அந்தக் கொடியுள்ள காரின் பொம்மைகளுக்கு உரிமம் தருவதை வார்னர் பிரதர்ஸ் நிறுத்தியது. சிகரெட் பெயரை ஒட்டுபவர் சிகரெட்டை விளம்பரப்படுத்துகிறாரா, அல்லது 1988ஐப் பதிவு செய்கிறாரா? தனி வீட்டின் அலமாரியில் பதிவு என்ற வாதம் நிற்கும். கொடி விஷயத்தில் அது அவ்வளவு எளிதல்ல. அந்தக் கொடி இன்றும் வாழும் மனிதர்களுக்கு எதிராக உயர்த்தப்படுகிறது. அதைப் பதிவாக மட்டும் காணும் உரிமை, அதனால் காயப்படாதவருக்கே கிடைக்கிறது. துல்லியம் பெரிய கடப்பாடு. ஒரே கடப்பாடு அல்ல.

இனி, சேகரிப்பு. ஏஎம்டியின் 1958 கிட்கள் ஒரே பெட்டியில் மூன்று கார்களுக்கான பாகங்களைத் தந்தன. ஷோரூமிலிருந்து வந்தபடி கட்டலாம், அலங்கரித்துக் கட்டலாம், பந்தயக் காராகக் கட்டலாம். ஒன்றைக் கட்டியதும் மற்ற இரண்டும் உதிரிப்பாக டப்பாவுக்குப் போய்விடும். உள்ளாற்றல் செயல்நிலைக்கு வருவதைப் பற்றி அரிஸ்டாட்டில் சொன்னதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பொருள் அரிது. திறக்காத பெட்டிக்குள் எல்லா வாய்ப்பும் இருக்கிறது. பசையின் முதல் துளி அவற்றில் ஒன்றைத் தவிர மற்றவற்றை மூடிவிடுகிறது. கட்டாமல் அடுக்கி வைப்பவரின் தயக்கம் சோம்பலால் மட்டும் வருவதல்ல. கட்டினால் குறை தெரியும்; கட்டாதவரை அந்தக் கார் மனத்தில் பழுதின்றி நிற்கும்.

சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் 1931இல் தம் நூலகத்தைப் பெட்டிகளிலிருந்து பிரித்தெடுப்பது பற்றி எழுதிய கட்டுரையில், சேகரிப்பவர் பொருளைப் பயன்பாட்டிலிருந்து விடுவிக்கிறார் என்று வாதிட்டு, படிக்காத நூல்களையும் நியாயப்படுத்தினார். நூலுக்கு அந்த நியாயம் ஓரளவு செல்லும். படிக்காத நூலும் முழுமையான நூல்தான், நாளை வேறொருவர் படிக்கலாம். கட்டாத கிட் முழுமையான கார் அல்ல. பாகங்கள் கட்டப்பட வேண்டும் என்பதற்காகவே வார்க்கப்பட்டவை. மறுபுறம், சமணத்தின் துறவறம் உடைமையையே விலங்காகக் காண்கிறது. இல்லறத்தாருக்குச் சமணம் வரம்பு கட்டிக்கொள்ளச் சொல்கிறது. தன் ஆயுளுக்குள் கட்டி முடிக்க முடியாத அளவு பெட்டிகள் சேர்ந்துவிட்டன என்று தெரிந்தும் வாங்குவது அந்த வரம்பைத் தாண்டிய செயல் என்பதில் ஐயமில்லை. அது வருங்காலத்தை வாங்கும் முயற்சி. வருங்காலம் கடையில் விற்கப்படுவதில்லை.

பேணுகிறோம் என்ற வாதத்தைப் பொருளே மறுத்துவிடுகிறது. 1950களின் விளம்பரக் கார்கள் பல அசிடேட் பிளாஸ்டிக்கால் ஆனவை. யாரும் தொடாமலே அவை ஆண்டுகள் போகப் போக வளைந்து முறுகின. பின்னால் வந்த பாலிஸ்டைரீன் அப்படி முறுகுவதில்லை. ஆனால் பெட்டிக்குள் அதனோடு கிடக்கும் வினைல் டயரிலிருந்து மென்மையூட்டும் வேதிப்பொருள் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் சக்கரத்தையும் பாடியையும் கண்ணாடியையும் கரைத்துத் தழும்பாக்கும். டீகால் தாள் மஞ்சளாகும். நாற்பது ஆண்டுகள் சீல் உடைக்காமல் வைத்திருந்த பெட்டியைத் திறந்தவர்கள், டயரின் பள்ளம் முன்கண்ணாடியில் பதிந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். நிலையாமையைப் பேசிய தமிழ் அறநூல்கள் உடலையும் செல்வத்தையும் இளமையையும் எடுத்துக்கொண்டன. பூட்டி வைத்த பொருளும் பூட்டுக்குள்ளேயே அழிகிறது என்பதற்கு இந்த டயர் ஒரு சான்று.

சந்தையின் கணக்கு நேர்மாறானது. 1960களின் சீல் உடையாத கிட், அதே கிட்டைக் கட்டி முடித்த காரைவிடப் பொதுவாகக் கூடுதல் விலைக்குப் போகிறது. சேகரித்தவர் இறந்த பிறகு குடும்பத்தார் பெட்டிகளை விற்றுவிடுகிறார்கள்; கட்டிய கார்களை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் திகைக்கிறார்கள். விலையை வைத்துப் பார்த்தால் கட்டியவர் தன் பொருளின் மதிப்பைத் தானே கெடுத்துக்கொண்டவர். ஆனால் ரேடியேட்டர் குழாய் எந்தப் பக்கமாகப் போகிறது என்பது அவருக்குத் தெரியும்; பெட்டியை விற்றவருக்குத் தெரியாது. பழைய கிட் வைத்திருப்பவர்கள் முதலில் டயர்களை எடுத்துத் தனி உறையில் போட வேண்டும். கட்டுவதற்கென்று வாங்கியவர்கள் அடுத்த பெட்டியை வாங்கும் முன் கையில் இருப்பதில் ஒன்றைத் திறந்து கட்டிவிட வேண்டும்.